பதினாலாம் லூயியை எந்தச் சுவரில கொழுவுறது?

கொண்டாவில்_தையல்

வீட்டு வேலை தெரிஞ்ச ஆக்களிட்டயும் சித்திரம் தெரிஞ்ச ஆக்களிட்டயும் ஒரு கேள்வி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பாரிசில இருக்கிற அண்ணா கப்பலில பொதி போடேக்க, சொக்லேட், ஜக்கெற்றுகளோட ஒரு நீள மட்டைக் குழாயையும் சேத்து அனுப்பிப்போட்டார். உள்ளுக்க கன்வஸில பிறின்ற் எடுத்த படம். பிரான்ஸ் ராசா பதினாலாம் லூயி. இயசான்த் ரிகோ எண்டவர் 1701இல கீறினது, அசல் பாரிஸ் லூவர் மியூசியத்தில இருக்கு. அது 277 சென்ரிமீற்றர் உயரம், 194 அகலம். எங்களுக்கு வந்தது 200க்கு 140. அண்ணாவைக் கேட்டா "சின்னன்தானே" எண்டுறார். விறாந்தையில விரிச்சு நாலு மூலைக்கும் செங்கல் வைச்சுத்தான் ஆளை முழுசாப் பாத்தம்.

படத்தைக் காணாத ஆக்களுக்குச் சொல்லுறன். தோளுக்குக் கீழ சுருண்டு விழுற பெரிய டோப்பா. நீல வெல்வெற்றில தங்க லில்லிப்பூப் போட்ட மேலங்கி, உள்பக்கம் முழுக்க வெள்ளை மயிர்த்தோல். அதை ஒரு பக்கம் தோளுக்கு மேல தூக்கிப் போட்டு, வெள்ளை மேஸ் போட்ட காலைத் தொடை வரைக்கும் காட்டிக்கொண்டு நிக்கிறார். சப்பாத்தின்ர குதி சிவப்பு. செங்கோலைத் தலைகீழாப் பிடிச்சு ஊண்டுகோல் மாதிரி ஊண்டியிருக்கிறார். மேல சிவப்புப் பட்டுத் திரை. அந்த நேரம் மனிசனுக்கு 63 வயசாம்.

அப்பா பாத்திட்டு "பாசையூர்க் கூத்தில வாற ராசா இவர்தான்" எண்டு சிரிச்சார். அம்மா சிரிக்கேல்லை.

எங்கட ஹோலில பெரிய வெறுஞ்சுவர் எண்டு இருக்கிறது ஒண்டுதான். அதிலதான் அப்பப்பா, அப்பாச்சி, சின்ன மாமா மூண்டுபேரும் மாலையோடயும் சின்னச் சிவப்பு லைற்றோடயும் இருக்கினம். அம்மா சொல்லுறா, லூயியையும் அந்தச் சுவரில கொழுவி மேல லைற்றும் பூட்டினா, வாற சனம் "இவர் எப்ப மோசம் போனவர்?" எண்டு கேக்குமாம். அதோட, கதிரையில வந்து இருக்கிற ஆக்களின்ர முகத்துக்கு நேர அந்தாளின்ர சப்பாத்துக்கால் வருமாம். யோசிச்சுப் பாத்தா ரெண்டும் நியாயம்தான். மாமா ஒருத்தர் இடுப்போட வெட்டி மேல்பாதியை மட்டும் கொழுவச் சொல்லுறார்.

எனக்கு இந்தப் படம் நல்லாப் பிடிச்சிருக்கு. ராசாவுக்காக இல்லை. நான் வீட்டில தையல் வகுப்பு எடுக்கிறனான். அந்த மேலங்கியின்ர பாரம் முழுக்க ஒரு தோளில நிக்குது, மடிப்பு ஒவ்வொண்டும் எங்கயிருந்து இழுபட்டு எங்க போய் உடையுது எண்டு விரல் வைச்சுக் காட்டலாம். கழுத்து லேஸும் கைமுனை லேஸும் அப்பிடித்தான். கிட்டப் போனா வெறும் வெள்ளைக் கோடும் புள்ளியும், நாலடி தள்ளி நிண்டா நூல் எண்ணலாம் போல இருக்கு.

வீட்டைப் பற்றி: அப்பப்பா கட்டின நாற்சார் வீடு. முன்பக்கம் சண்டைக்காலத்தில இடிஞ்சு, ஹோலைப் பிறகு சீமெந்துக் கல்லில புதுசாக் கட்டினது. பின்பக்கச் சாலையும் (பெரிய அறை) உள்விறாந்தையும் இன்னும் பழைய சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புச் சாந்து. சாலையிலதான் என்ர மெசினுகளும் வெட்டுற மேசையும். ஹோல் பத்தரை அடி உயரம், வெளிறின பச்சைச் சுவர், சிவப்புச் சீமெந்து நிலம். பிரேம் போடக் கடையில கேட்டன். தங்கக் கலர் பிளாஸ்ரிக் பட்டம் காட்டி 85 ஆயிரம் எண்டாங்கள், கண்ணாடி வேறயாம்.

எங்க கொழுவலாம், என்ன பிரேம், என்ன வெளிச்சம்? கலியாண மண்டபம் மாதிரியும் தெரியக்கூடாது, செத்தவீடு மாதிரியும் தெரியக்கூடாது. அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வாறார். அதுக்குள்ள ஆள் சுவரில நிக்கவேணும்.


ஓடாவி_மகன் (சுன்னாகம்)

அக்கா, முதல் வேலை அந்தச் செங்கல்லை எடுங்கோ. மூலை நசிஞ்சா பிறின்ற் வெடிச்சு வெள்ளைக்கோடு விழும். திருப்பிச் சுருட்டேக்க படம் வெளிப்பக்கம் வாற மாதிரிச் சுருட்டோணும். கனபேர் உள்பக்கமாச் சுருட்டித்தான் கெடுக்கிறவை. நாலங்குல பீவிசி குழாயில சுத்தி வையுங்கோ, மெல்லிசுக் குழாய் வேண்டாம்.

கண்ணாடி வேண்டவே வேண்டாம். அந்த அளவுக் கண்ணாடி தூக்க ஏலாத பாரம். மாரியில உள்ளுக்க வேர்த்துப் பூஞ்சணமும் பிடிக்கும். கன்வஸ் காத்துப் படவேண்டிய சாமான்.

அலங்காரப் பிரேமுக்கு முதல் உள்சட்டம் அடிக்கோணும். கடைக்காரர் இதைப் பற்றிக் கதைச்சிருக்க மாட்டினம். ரெண்டங்குலத்துக்கு ஒண்டரை அங்குலச் சட்டம், நல்லாக் காஞ்ச மரம். ஈர மரத்தில அடிச்சா ரெண்டு மாசத்தில முறுகி, படம் சுவரை விட்டு ஒரு மூலையால எழும்பி நிக்கும். 2 மீற்றர் எண்டபடியா நடுவில குறுக்குச் சட்டம் ரெண்டு கட்டாயம் வேணும், இல்லாட்டி துணியின்ர இழுவையில நெடுஞ்சட்டம் உள்ளுக்கு வளையும். சட்டத்தின்ர முன்விளிம்பை உள்பக்கமாச் சாய்ச்சுச் சீவச் சொல்லுங்கோ. சீவாமல் விட்டா, துணி மரத்தில முட்டி, படத்துக்கு மேல சட்டத்தின்ர அச்சுத் தெரியும். லூயியின்ர நெஞ்சுக்குக் குறுக்கால ஒரு கோடு விழுந்தா வடிவே?

துணி இழுக்கிறது தனி ஆளின்ர வேலையில்லை. நாலு பக்கமும் நடுவில ஒவ்வொரு பின் அடிச்சு, அங்கயிருந்து மூலையைப் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமாப் போகோணும். ஒரு பக்கத்தை முடிச்சிட்டு மற்றப் பக்கம் போனா படம் கோணிப்போம். மூலைக்கு மூலை சின்ன ஆப்பு வைக்கிற மாதிரி விட்டா, மாரிக்குத் துணி தொய்ஞ்சாலும் மெல்லத் தட்டி இறுக்கலாம்.

சுவர் விசயம். வாடைக்காத்து மழை நேர அடிக்கிற வெளிச்சுவர் எதிலயும் கொழுவாதேங்கோ. ரெண்டு பக்கமும் அறை இருக்கிற உள்சுவர்தான் நல்லம். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி விடும், கீழ்ப்பக்கம் உப்பும் பூக்கும். சந்தேகமெண்டா ஒரு சாண் பொலித்தீனைச் சுவரில வைச்சு நாலு பக்கமும் ரேப் ஒட்டி ரெண்டு நாள் விட்டுப் பாருங்கோ. உள்ளுக்க வேர்த்திருந்தா அந்தச் சுவர் சரிவராது.

சுண்ணாம்புச் சாந்தில ஆணி அடிச்சா பொருபொரெண்டு கொட்டும். ட்ரில்லில சுத்தியல் அடியை நிப்பாட்டிப்போட்டு, கல்லுக்குள்ள போற அளவு ஆழத் துளைச்சு நீள ரோல் பிளக் போடோணும். கம்பியில தூக்கிறதை விட, ரெண்டு பலகையை 45 பாகையில சாய்ச்சு வெட்டி, ஒண்டைச் சுவரிலயும் மற்றதைச் சட்டத்திலயும் பூட்டி, ஒண்டில ஒண்டு ஏறி இருக்கிற மாதிரி விடுங்கோ. பாரம் ஒரு ஆணியில தொங்காமல் பலகை நீளத்துக்கும் பகிர்ந்து நிக்கும்.

பின்பக்கம் வெள்ளைச் சீத்தைத் துணி அடிச்சு மூடுங்கோ. இல்லாட்டி எங்கட ஊர்ப் பல்லியள் அங்கதான் முட்டை போடும், எச்சம் முழுக்கச் சட்டத்தில வடியும். கீழ் மூலை ரெண்டிலயும் போத்தல் தக்கையை வெட்டி ஒட்டினா சுவருக்கும் படத்துக்கும் நடுவில காத்தும் போய்வரும். வேப்பமரச் சட்டமெண்டா கறையான் அவ்வளவா அண்டாது. ஆனா எந்த மரமெண்டாலும் நிலத்தில முட்டாமல் இருக்கட்டும்.


சித்திர_வாத்தியார் (பருத்தித்துறை, இளைப்பாறியவர்)

பிள்ளை, உம்முடைய அம்மா படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறா. அந்தக் கால் முகத்துக்கு நேரே வந்தால் பிழைதான். ஆனால் காரணம் நாங்கள் படங்களை உயரத்தில் கொழுவிப் பழகினது. சாமிப்படம், பெற்றோர் படம் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறமாதிரி, நிலைக்கு மேலே. இந்தப் படத்துக்கு அந்த உயரம் பொருந்தாது. ஆள் தரையில் நிற்கிறார் என்ற எண்ணம் வரவேணும். அடிப்பட்டம் நிலத்திலிருந்து ஒரு அடிக்குள் இருக்கட்டும். அப்போது சப்பாத்து, கதிரையில் இருப்பவரின் முழங்காலை அண்டி வரும். முகம் நிற்கிறவரின் தலைக்குச் சற்று மேலே போகும். ரிகோ எதிர்பார்த்ததும் அதுதான்: ராசா எம்மை மேலேயிருந்து பார்க்கவேணும், நாங்கள் நிமிர்ந்து பார்க்கவேணும்.

வெட்டுகிற கதையை மாமாவோடு நிறுத்திக்கொள்ளும். அந்தக் காலைக் காட்டத்தான் மேலங்கியை அவ்வளவு மேலே தூக்கிப் போட்டிருக்கிறது. அவர் இளமையில் நல்ல நடனக்காரர். 1653இல் பதினாலு வயதில் சூரியனாக வேடம் போட்டு அரண்மனைப் பலே நடனத்தில் ஆடியவர், 1661இல் நடனத்துக்கென்றே ஒரு கழகம் நிறுவியவர். 63 வயதில் அவர் நிற்கிற நிலையும், ஒரு பாதத்தை முன்னே திருப்பி வைத்திருப்பதும் ஆடினவருடைய நிலைதான். காலை வெட்டினால் மிஞ்சுவது டோப்பா போட்ட ஒரு கிழவர்.

ஒன்று சொல்லுகிறேன், வகுப்பிலே காட்டும். முகத்தை ரிகோ தனியொரு சின்னக் கன்வஸில் ஆளை நேரில் வைத்துக் கீறி, பிறகு பெரிய கன்வஸில் சேர்த்தவர். ராசா மணிக்கணக்காக நின்று காட்டுவாரா? உடுப்பும் திரையும் தூணும் பட்டறையில் ஆறுதலாகச் செய்தது. அதனால்தான் முகம் களைத்து, கன்னம் தொங்கி, பல்லில்லாத வாய் உள்ளே போய் உண்மையாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் மேடை. இடப்பக்கத் தூணின் அடியில் நீதித்தேவதையின் புடைப்புருவம் இருக்கிறது. உம்முடைய பிறின்றில் அது கறுத்துப் போயிருக்கும், டோர்ச் அடித்துப் பாரும். வெள்ளை மயிர்த்தோலில் வரிசையாக இருக்கிற கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பிராணியின் வால்நுனி. அந்த ஒரு மேலங்கிக்கு எத்தனை உயிர் போயிருக்கும் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லும்.

வெளிச்சம். படத்தின் தலைக்கு மேலே ஒட்டி லைற் பூட்டவேண்டாம், அம்மா சொன்ன பிரச்சினை அதிலிருந்துதான் வருகிறது. கூரையில், சுவரை விட்டுத் தள்ளி, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் விழுகிற மாதிரி ஒரு ஸ்பொட் லைற் பூட்டும். நிறம் 3000 கெல்வினுக்கு மேலே போகவேண்டாம், மஞ்சள் கலந்த வெளிச்சம். ரியூப் லைற்றில் அந்தச் சிவப்புப் பட்டு மண்ணிறமாகிவிடும். பின்னேர வெயில் நேரே விழுகிற இடமும் ஆகாது.

பிரேம் பற்றிக் கடைசியாக. தங்கப் பிளாஸ்ரிக்கைக் கண்ணால் காண ஏலாது. காசு இருந்தால், தேரும் வாகனமும் செய்கிற ஆசாரிமாரிடம் போய் ஒரு கொடிக்கருக்குப் பட்டம் செதுக்கித் தரக் கேளும். பரோக் என்கிற அந்தக்கால ஐரோப்பியப் பாணிப் பிரேமில் ஓடுகிற இலைச்சுருளும் எங்கள் வாகனப் பீடத்துக் கொடிக்கருக்கும் ஒரே இனம், அவர்களுக்குக் கை தடுமாறாது. காசில்லையென்றால் கறுப்புச் சாயம் பூசின வெறும் மரப்பட்டம், ஒன்றரை அங்குலம், போதும். அதே நூற்றாண்டில் ஒல்லாந்தர் தங்கள் படங்களுக்குக் கருங்காலிக் கறுப்பில்தான் பிரேம் போட்டார்கள்.


கோட்டையடி

எல்லாரும் ஆணியும் லைற்றும் கதைக்கிறியள். ஆள் ஆரெண்டு ஒருத்தரும் கதைக்கேல்லை. 1685இல புரட்டஸ்தாந்துச் சனத்துக்கு இருந்த பாதுகாப்பு ஆணையை ரத்துச் செய்து, லட்சக்கணக்கில ஊரை விட்டு ஓட வைச்ச மனிசன். அதே வருசம் கரீபியன் தீவுகளில அடிமையளை என்னெண்டு வைச்சிருக்கிறது எண்டு சட்டப் புத்தகம் போட்டவரும் இவர்தான். 1995இல ராவோட ராவா இடம்பெயர்ந்த ஊரில இவரை நடுஹோலில நிப்பாட்டோணுமே?

எங்கட தீவுக்கும் வந்து பாத்தவர். 1672இல தெ லா ஏ எண்ட தளபதியோட இவர் அனுப்பின கப்பல்கள் திருகோணமலையில வந்து நிண்டது. அடிச்சுக் கலைச்சது ஒல்லாந்தர், அதுவும் 1658இல யாழ்ப்பாணக் கோட்டையைப் போத்துக்கீசரிட்டப் பிடிச்ச அதே ரைக்லோஃப் வான் கூன்ஸ். அங்கயிருந்து போய் இப்ப சென்னையில இருக்கிற சாந்தோமைப் பிடிச்சு, 1674இல அதையும் ஒல்லாந்தரிட்ட விட்டவை. காத்து மாறியடிச்சிருந்தா எங்கட கோட்டைக்குள்ள லில்லிப்பூக் கொடி பறந்திருக்கும்.

ராசா படம்தான் வேணுமெண்டா எங்கட யாழ்ப்பாண ராசா சங்கிலியனை வையுங்கோவன்.


சித்திர_வாத்தியார்

தம்பி, சங்கிலியன் இருந்த காலத்தில் அவரைப் பார்த்துக் கீறின படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. நல்லூர் முத்திரைச் சந்தியில் நிற்கிற சிலை பிற்காலத்தார் மனதில் கண்ட முகம். வைக்கவேண்டாம் என்று சொல்லவில்லை, அது வேறு வகைப் படம். இது ஆளை எதிரே நிறுத்தி, எப்படிப் பொய் சொல்லலாம் என்று கெட்டித்தனமாகச் செய்தது. நீர் சொன்ன 1685 எல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த நீதித்தேவதை இன்னும் சுவையாக இருக்கும்.


லாச்சப்பல்_பெடியன்

அக்கா, நான் லூவரில நேர பாத்தனான். மோனா லிசாவுக்கு முன்னால நெருக்குப்படுற சனம் இவரிட்ட வராது, ஆறுதலா நிண்டு பாக்கலாம். உண்மையா இந்தப் படம் ஸ்பெயினுக்கு ராசாவாப் போன பேரனுக்குக் குடுக்கவெண்டு கீறுவிச்சது. முடிஞ்சாப் பிறகு கிழவனுக்குப் பிடிச்சுப் போச்சு, தானே வைச்சுக்கொண்டு பிரதி ஒண்டுக்குச் சொல்லிவிட்டார். உங்கட அண்ணா அப்பிடி வைச்சுக்கொள்ளாததுக்குக் காரணம் எனக்குத் தெரியும். இஞ்ச பாரிசில எங்கட அப்பார்ட்மெண்டுகளில 2 மீற்றர் வெறுஞ்சுவர் ஆரிட்டயும் இல்லை. அவர் ஊருக்கு அனுப்பினது பரிசில்லை, ஸ்ரோர் ரூம் தேடினது.


கொண்டாவில்_தையல்

எல்லாருக்கும் நன்றி. லாச்சப்பல் தம்பி சொன்னதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், இந்த விசயத்தில அவ முதல்முதலாச் சிரிச்சது இப்பத்தான்.

ஓடாவி அண்ணை சொன்ன பொலித்தீனை ஹோலிலயும் சாலையிலயும் ஒட்டிப் பாத்தன். ஹோலின்ர கிழக்குச் சுவர் வேர்த்துப் போச்சு. சாலைக்கும் சாமி அறைக்கும் நடுவில இருக்கிற பழைய சுவர் காஞ்சபடி இருக்கு. அதனால ஹோல் அப்பப்பா ஆக்களுக்கே இருக்கட்டும். லூயி சாலைக்கு வாறார், வெட்டுற மேசைக்கு எதிர்ப்பக்கம். அண்ணா விரும்பினது ஹோலில, வாற சனம் காண. எனக்கு வேண்டியது மேலங்கி, பிள்ளையள் கிட்டப் போய்ப் பாக்கக்கூடிய இடத்தில. அண்ணா கொஞ்சம் முகத்தை நீட்டுவார், சமாளிக்கலாம்.

சாமி அறைச் சுவருக்கு மற்றப் பக்கம் எண்டதுக்கு அம்மா முதல் முணுமுணுத்தா. பிறகு, கால் சாமிப் பக்கம் நீட்டேல்லை, முதுகுதான் அந்தப் பக்கம் எண்டு அவவே ஒரு தீர்ப்புச் சொல்லிப்போட்டா.

கோட்டையடி அண்ணை, நீங்கள் சொன்னதை மறுக்கேல்லை. திருகோணமலைக் கதை எனக்குத் தெரியாது. பின்சுவரில வகுப்புப் பிள்ளையளுக்கு அளவுக் குறிப்பு ஒட்டுற பலகை ஒண்டு இருக்கு. 1672, 1685 ரெண்டையும் ஒரு தாளில எழுதி அதில போடுறன். வால்நுனிக் கணக்கும் அதிலயே.

வாத்தியார், டோர்ச் அடிச்சுப் பாத்தன். தூணடியில தேவதை இருக்கிறா, கையில தராசு மாதிரி ஒண்டும் தெரியுது. கொடிக்கருக்குப் பட்டத்துக்கு ஆசாரி ஒருத்தரைக் கேட்டன். கோயில் வேலை முடியாமல் ஏலாது எண்டிட்டார், அதனால கறுப்புப் பட்டம்தான். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கவோ, நீலம் கலக்கவோ?

ஓடாவி அண்ணை, ஒரு சந்தேகம். சாலையில மோட்டு வளை பனைமரம், மேல ஓடு. ஓட்டு இடுக்கால தூசியும் சில வேளை தண்ணிச் சொட்டும் விழும். மேல மறைப்பு ஏதும் வைக்கோணுமே?


ஓடாவி_மகன்

ஓம், வைக்கத்தான் வேணும். ஆனா படத்தில முட்டாமல். சுவரிலயே, பட்டத்துக்கு மேல நாலு விரல் விட்டு, ஆறங்குல அகலப் பலகையை முன்பக்கம் கொஞ்சம் சரிவாப் பூட்டுங்கோ, சொட்டு விழுந்தா முன்னால வழிஞ்சு போம். ஸ்பொட் லைற் வெளிச்சத்தைப் பலகை மறைக்காத மாதிரி முதல் லைற்றைப் போட்டுப் பாத்திட்டு அளவு வெட்டுங்கோ. சொட்டு விழுற ஓட்டை மாரிக்கு முதல் மாத்திறதுதான் முக்கியம், அது பலகையை விட மலிவு.

சுண்ணாம்பு அடிச்சா நல்லாக் காயவிட்டுத்தான் கொழுவோணும், ஈரத்தோட படத்தை ஏத்தாதேங்கோ. நீலம் கொஞ்சம் கலக்கலாம், துணி வெளுக்கிற அளவுக்கு மட்டும். கூடினா மேலங்கியின்ர நீலம் செத்துப் போம். தூசிக்கு இறகுத் தும்பு போதும், ஈரத்துணி பல்லி எச்சத்துக்கு மட்டும்.